6க்கு 8 கிரீன்ஹவுஸ்: காற்றில் பலகை பறக்காமல் நிறுத்துவது எப்படி?

கீன்ஸ் தோட்டக்காரன் · ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸ். போன செப்டம்பரில் பழைய அலுமினிய கிரீன்ஹவுஸ் ஒன்றை வாங்கினேன். 6 அடிக்கு 8 அடி. சுவர், கூரை எல்லாம் 4 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக்) பலகை. விற்றவரே பிரித்து, மூட்டையாகக் கட்டித் தந்தார். கையேடு இல்லை. நட்டு போல்ட்டெல்லாம் ஒரே ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டிக் கிடந்தன. நானும் வீட்டுக்காரியும் இரண்டு வார இறுதிகள் மல்லுக்கட்டி ஒருவழியாக நிறுத்திவிட்டோம். மீந்துபோன பதினோரு போல்ட் எங்கே போக வேண்டியவை என்று இன்றுவரை தெரியாது.

டிசம்பர் 7 அன்று டாரா புயல் வந்ததல்லவா, அன்று விடியற்காலையில் ஆறு பலகைகள் பறந்துவிட்டன. மூன்று எங்கள் புல்தரையிலேயே கிடந்தன. இரண்டு பக்கத்து வீட்டு வேலியில் செருகிக்கொண்டு நின்றன. ஒன்றைக் காணோம். சட்டம் மட்டும் நிற்கிறது. உள்ளே இருந்த மூன்று கருவேப்பிலைக் கன்றுகளும் இப்போது சமையலறை ஜன்னலோரம் குடியிருக்கின்றன. பாத்திரம் கழுவக் கை நீட்டினால் இலை முகத்தில் இடிக்கிறது.

சிலிக்கான் பத்து டியூப் வாங்கி வைத்திருக்கிறேன். பலகைகளின் நாலு பக்கமும் வழித்து ஒட்டிவிட்டால் போதுமா?

ஹாரோ வளவு · ஞாயிறு, இரவு 10:25

போதும் தம்பி. 2022 பெப்ரவரி 18 யூனிஸ் புயல் நினைவிருக்கும்தானே, லண்டன் ஓ2 அரங்கத்தின் கூரைத் துணியையே கிழித்த புயல். அதில் என்னுடைய பலகைகள் எட்டுப் போயின. அடுத்த கிழமையே எல்லா விளிம்புக்கும் சிலிக்கான் அடித்தேன். அதற்குப் பிறகு ஒன்றுகூட அசையவில்லை. கனக்க யோசிக்காமல் ஒட்டிவிடுங்கள்.

மூலைமட்டம் · ஞாயிறு, இரவு 11:10

டியூபைத் திறக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். (நான் சிவில் படித்தவன், ரெடிங்கில் வேலை.) முதலில் நாலு கேள்வி.

சட்டம் எதன்மேல் நிற்கிறது? தரையோடு எப்படிப் பிடித்திருக்கிறீர்கள்? மூலைவிட்டம் இரண்டையும் அளந்தீர்களா? பறந்த ஆறும் எந்தப் பக்கத்துப் பலகைகள்?

கீன்ஸ் தோட்டக்காரன் · திங்கள், காலை 7:15

புல்லை வழித்து நாலு மூலையிலும் இரண்டடிச் சதுர நடைபாதைக் கல் போட்டேன். அதன்மேல் சட்டம். பிடிப்பு ஒன்றும் இல்லை, தன் கனத்திலேயே நிற்கும் என்று நினைத்தேன். மூலைவிட்டம் அளக்கவில்லை, கண்ணுக்கு நேராகத்தான் தெரிகிறது. பறந்தவற்றில் ஐந்து கூரைப் பலகைகள், அதுவும் காற்று வந்த பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். அதுதான் எனக்கும் புரியவில்லை. ஆறாவது, கதவுக்கு நேர் எதிரே உள்ள சுவர்ப் பலகை.

இன்னொன்று. காலையில் போய்ப் பார்த்தபோது தள்ளுகதவு கீழ்த் தண்டவாளத்திலிருந்து விலகித் தொங்கிக்கொண்டிருந்தது.

மூலைமட்டம் · திங்கள், பகல் 1:05

கடைசி வரியை முதலில் சொல்லியிருக்கலாம். கதவுதான் குற்றவாளி.

நடந்தது இப்படித்தான் இருக்கும். காற்று கதவு உள்ள பக்கத்தில் அடித்திருக்கிறது. கதவு அதிர்ந்து அதிர்ந்து தண்டவாளத்தை விட்டு வெளியே வந்தது. காற்று உள்ளே புகுந்தது. போக வழி இல்லை, பலூனை ஊதுவதுபோல உள்ளிருந்து எல்லாப் பக்கமும் தள்ளியது. அதே நேரத்தில் கூரையின் மறுசரிவில் வெளிக்காற்று உறிஞ்சும், விமான இறக்கைக்கு மேலே நடப்பது மாதிரி. உள்ளே தள்ளல், வெளியே இழுப்பு, இரண்டும் சேர்ந்த இடம் உங்கள் எதிர்ச்சரிவுக் கூரை. அங்கேதான் ஐந்து போயின.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 55 கிலோ அளவுக்கு அழுத்தும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்கு, 14 கிலோ. உங்கள் பலகை 60 செ.மீ.க்கு 120 இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் 40 கிலோ. பலகையின் எடையோ 600 கிராம்கூட இல்லை. முழுக் கூண்டும் சேர்ந்தே 50 கிலோவைத் தாண்டாது. கூரை மொத்தத்தையும் மேலே தூக்கும் விசை 250 கிலோவுக்குப் போகலாம். தன் கனத்தில் நின்றது சட்டம் அல்ல, உங்கள் அதிர்ஷ்டம். ஒருவிதத்தில் பலகை கழன்றதும் நல்லதுக்குத்தான். எல்லாவற்றையும் நாலு பக்கமும் ஒட்டியிருந்தால் காற்று வெளியேற வழியின்றி கூண்டையே தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கும்.

ஹாரோ அண்ணா, கோபிக்காதீர்கள், உங்கள் கூண்டு எதன்மேல் நிற்கிறது?

ஹாரோ வளவு · திங்கள், பகல் 2:30

சீமெந்துத் தளம். நாலங்குலக் கனம், சுற்றிவர பத்து ஆணி முடுக்கியிருக்கிறேன். ... சரி, விளங்குகிறது. நான் சிலிக்கானுக்குக் கொடுத்த பெயர் சீமெந்துக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்கார்பரோ செல்வி · திங்கள், இரவு 8:00 (இங்கே கனடாவில் பிற்பகல்)

பேச்சு சுவாரசியமாகப் போகிறது, உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் காற்றைவிடப் பனிதான் எதிரி. கூரையில் ஒரு சாண் ஈரப்பனி நின்றால் 4 மில்லிமீட்டர் பலகை தொட்டில் மாதிரித் தொங்கிப்போய் சட்டத்தின் பள்ளத்திலிருந்து நழுவிவிடும். நான் உள்ளே நின்றுகொண்டு தென்னந்துடைப்பத்தின் அடிக்கட்டையால் மெல்லத் தட்டிவிடுவேன். வெளியே நின்று மண்வெட்டியால் வழிக்கவே கூடாது, பலகை கீறிப்போகும். (தென்னந்துடைப்பம் ஊரிலிருந்து பெட்டியில் வந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த சண்டை தனி இழைக்கு ஆகும்.)

தம்பி, அந்தப் பதினோரு போல்ட் தலை எப்படி இருக்கிறது? அறுகோணமா, இரண்டு பக்கமும் சீவியிருக்கிறதா?

கீன்ஸ் தோட்டக்காரன் · திங்கள், இரவு 8:40

எண்ணிப் பார்த்தேன் அக்கா. எட்டுக்குத் தலை இரண்டு பக்கமும் சீவி, பட்டையாக இருக்கிறது. மூன்று சாதாரணம்.

ஸ்கார்பரோ செல்வி · திங்கள், இரவு 8:55

அப்படியானால் அந்த எட்டும் குறுக்கு முட்டுக்கு உரியவை. சாதாரண போல்ட்டைச் சட்டம் கோக்கும்போதே பள்ளத்தில் நுழைத்துவிட வேண்டும். சீவிய தலை போல்ட்டைப் பிறகும் நுழைக்கலாம்: தலையைப் பள்ளத்துக்கு ஒத்தாற்போல் உள்ளே விட்டு கால் திருப்பு திருப்பினால் மாட்டிக்கொள்ளும். மூலைக்கு மூலை சாய்வாக வரும் பட்டைகளை அதில்தான் முடுக்குவார்கள். நீளமான தட்டை அலுமினியப் பட்டை நாலு, எங்காவது கிடக்கிறதா பாருங்கள்.

கீன்ஸ் தோட்டக்காரன் · திங்கள், இரவு 9:20

கிடைத்துவிட்டன. உதிரி என்று நினைத்து மிளகாய்ச் செடிக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

கோத்தகிரிக்காரன் · திங்கள், இரவு 10:15

சிரித்துவிட்டேன் சார், மன்னிக்கவும். எங்கள் பக்கம் கார்னேஷன் பூவுக்குப் போடும் பாலிஹவுஸெல்லாம் ஜிஐ குழாய்ச் சட்டம், 200 மைக்ரான் யூவி ஷீட். பலகைக் கவலை எங்களுக்கு இல்லை. ஆனால் குறுக்கு முட்டு போடாமல் ஷீட்டை ஏற்றவே மாட்டோம். முட்டு இல்லாத சட்டம் காற்றில் சாய்சதுரமாகும். அப்படி ஆனால் உங்கள் சதுரப் பலகை சதுரமில்லாத ஓட்டையில் நிற்க வேண்டும். ஒரு மூலையில் இறுகும், எதிர்மூலையில் பள்ளத்தில் பிடிப்பே இருக்காது. காற்று அந்த மூலையில்தான் விரலை விடும்.

மூலைமட்டம் · செவ்வாய், காலை 8:10

இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. இனி அளவு.

6க்கு 8 என்றால் மூலைவிட்டம் சரியாக 10 அடி. கொத்தனார் பிடிக்கும் மூன்று நாலு ஐந்துதான், இரட்டிப்பு. ஆனால் 6க்கு 8 என்பது கடையில் சொல்லும் பேச்சு, உண்மைச் சட்டம் ஓரிரு அங்குலம் கூடக் குறைய இருக்கும். ஆகவே 10 அடி வருகிறதா என்று பார்க்காதீர்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுக்கொன்று சமமா என்று மட்டும் பாருங்கள். 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரை விடலாம்.

ஹாரோ வளவு · செவ்வாய், காலை 9:00

மூலைவிட்டத்துக்கு எங்கள் பழைய பாட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, அகலத்தில் பாதியைச் சேர். 8இல் ஒன்று போக 7, 6இல் பாதி 3, ஆக 10. வர்க்கமூலமே தேவையில்லை!

மூலைமட்டம் · செவ்வாய், காலை 9:20

அண்ணா, 6க்கு 8க்கு அச்சாக வரும். 6க்கு 10 போட்டுப் பாருங்கள்: பாட்டு 11.75 தரும், உண்மை 11.66. ஓர் அங்குலம் பிசகு. ஓர் அங்குலம் பிசகினால் கதவு மூடாது. பாட்டு ரசிக்க, நாடா அளக்க.

வேளச்சேரி மாடி · செவ்வாய், காலை 11:45

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மொட்டை மாடியில் பச்சை நிழல்வலைக் கூண்டு. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்கு முந்தின நாள் வலையை இன்னும் நாலு இடத்தில் இறுக்கிக் கட்டினேன். இறுகக் கட்டிய வலை பாய்மரம் ஆகி, குழாய்ச் சட்டத்தையும் தண்ணீர்த் தொட்டிக் குழாயையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனது. அதிலிருந்து புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுகிறேன். ஒரு மணி நேர வேலை.

கீன்ஸ் தோட்டக்காரன் · சனி, மாலை 5:30

வேலையில் இறங்கிவிட்டேன். அளந்ததில் ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட 22 மில்லிமீட்டர் கூடுதல். கண்ணுக்கு நேராகத் தெரிந்ததாக எழுதினேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மிச்சப் பலகைகளையும் கழற்றினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் எல்லா நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, கடைசியில் மனைவி ஒரு மூலை, நான் எதிர்மூலை என்று தள்ளினோம். 22 என்பது 2 ஆனது. அந்த நிலையிலேயே பட்டைகளை மாட்டி முடுக்கினோம். இரண்டு போல்ட்டில் மரை வழுக்கிவிட்டது. அலுமினியத்தை இரும்பு மாதிரி இறுக்கக்கூடாது என்று இப்போது தெரியும். நட்டு தொட்ட பிறகு கால் திருப்பு, அவ்வளவுதான்.

அடித்தளத்துக்கு நாலு மூலையிலும் ஒரு அடிச் சதுரத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி. 20 கிலோ கலவை மூட்டை இருபது ஆனது. சமதளம் பார்க்க ரசமட்டம் மட்டும் போதவில்லை, ட்யூப் தண்ணீர் மட்டமும் பிடித்தேன். போல்ட்டைப் பச்சைக் கான்கிரீட்டில் நட்டு, சட்டத்தைப் பிறகு இறக்கலாம் என்று திட்டம். சரியா?

மூலைமட்டம் · சனி, மாலை 6:15

சரி. மூலைக்கு 100 கிலோ, நாலுக்கும் 400. போதும். ஒரே எச்சரிக்கை: வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாளில் கான்கிரீட் போடாதீர்கள். தண்ணீர் உறைந்தால் இறுகுவதற்கு முன்பே பொருபொருத்துப் போகும். ஏற்கனவே போட்டாயிற்று என்றால் இன்றிரவே பழைய கம்பளியும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் போர்த்துங்கள்.

கீன்ஸ் தோட்டக்காரன் · சனி, மாலை 6:20

போட்டாயிற்று. கம்பளி தேடி ஓடுகிறேன்.

கோத்தகிரிக்காரன் · ஞாயிறு, காலை 6:50

இனிச் சிலிக்கான் பேச்சுக்கு வரலாம். கையில் இருக்கும் டியூபைக் கொஞ்சம் பிதுக்கி முகர்ந்து பாருங்கள் சார். காடி வாசனை அடித்தால் அதை மீன்தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அமிலம் பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்பு உண்டாக்கும். வாசனையில்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும்.

கீன்ஸ் தோட்டக்காரன் · ஞாயிறு, காலை 9:30

ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி இருந்தது. பத்தில் ஒன்பது பிரிக்கவில்லை, கடைக்கே திரும்பப் போகின்றன.

மூலைமட்டம் · ஞாயிறு, காலை 10:40

நியூட்ரல் வாங்கினாலும் முழு விளிம்புக்கும் வழிக்காதீர்கள். பாலிகார்பனேட் வெயிலில் நீளும். குளிர்கால இரவுக்கும் கோடைப் பகலுக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்றால் 1.2 மீட்டர் பலகை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். அசைய இடமில்லாவிட்டால் வளையும். வளைந்தால், அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும் கம்பிக் கிளிப்பைத் தானே தள்ளிவிடும். 2022 ஜூலை 19 அன்று கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி போனதே, அந்த வாரம் எங்கள் தெருவில் ஒருவருடைய கூரைப் பலகைகள் காற்றே இல்லாமல் கழன்றன.

நான் செய்வது இது. நீளப் பக்கத்துக்கு மூன்று மூன்றாகப் பலகைக்கு ஆறு பொட்டு, பட்டாணி அளவு. அதோடு அந்தக் கிளிப்பை (W வடிவத்தில் இருக்கும், டபிள்யூ கிளிப் என்பார்கள்) இரட்டிப்பாக்குங்கள், எல்லாவற்றிலும் மலிவான காப்பு அதுதான். கூரைப் பலகையின் நடுவில் வெளிப்புறம் ஒரு தட்டை அலுமினியப் பட்டையைக் குறுக்கே ஓட்டி, இரண்டு பக்கச் சட்டத்திலும் அந்தச் சீவிய தலை போல்ட்டால் பிடியுங்கள். 4 மில்லிமீட்டர் பலகை வயிறு உப்புவதால்தான் விளிம்பு வெளியே வருகிறது. வயிற்றைக் கட்டினால் விளிம்பு நிற்கும்.

ஸ்கார்பரோ செல்வி · ஞாயிறு, பிற்பகல் 3:00

பலகையின் வாயை மறக்கவேண்டாம். உள்ளே குழல் குழலாக ஓடுகிறதே, அது மேலிருந்து கீழாகத்தான் வரவேண்டும். மேல்வாய்க்கு அலுமினியப் பசைநாடா, கீழ்வாய்க்கு மூச்சுவிடும் துளை நாடா. இரண்டையும் அடைத்தால் உள்ளே வேர்த்த தண்ணீர் போக வழியில்லை. இரண்டையும் திறந்துவிட்டால் பாசி, எறும்பு, ஒரு தடவை எனக்குச் சிலந்திக் குடும்பமே. அடிச்சட்டத்தில் சின்னச் சின்னத் துளை இருக்கும், தண்ணீர் வடிய. அதைச் சிலிக்கான் வைத்து மூடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹாரோ வளவு · ஞாயிறு, மாலை 4:10

அந்தத் துளையை மூடிய ஆள் நான்தான் பிள்ளை. நாளைக்கே திறக்கிறேன்.

கதவுக்கு என்ன செய்கிறீர்கள் தம்பி? நான் உள்ளும் புறமும் ஒவ்வொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். கூரை யன்னலில் தானாகத் திறக்கும் மெழுகு உருளை இருந்தால் குளிர்காலத்தில் அதைக் கழற்றிவிட்டு யன்னலைக் கம்பியால் கட்டுங்கள். சூடு பட்டால் மெழுகு விரிந்து யன்னலைத் தூக்கும், மின்சாரம் வேண்டாம், அருமையான சாமான். ஆனால் அதற்குச் சூடு மட்டும்தான் தெரியும், புயல் தெரியாது.

இன்னொன்று, வேலியிலிருந்து எவ்வளவு தூரம்? 2 மீட்டருக்குள் என்றால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கவுன்சிலிடம் அனுமதி கேட்க வேண்டும். அடித்தளத்தைத் தூக்கிக் கட்டுபவர்கள் அந்த உயரமும் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடுவார்கள்.

கீன்ஸ் தோட்டக்காரன் · ஞாயிறு, மாலை 5:00

உச்சி 1.95 மீட்டர், பிரச்சினை இல்லை. காற்று வரும் பக்கம் ஆறடிப் பலகை வேலி போடலாமா என்று யோசித்தேன்.

வேளச்சேரி மாடி · ஞாயிறு, மாலை 5:40

அடைத்த வேலி வேண்டாம் சார். எங்கள் கடற்கரைப் பக்கம் காற்றை மறிக்கச் சவுக்குதான் நடுவார்கள், சுவர் எழுப்புவதில்லை. சவுக்குக் காற்றைச் சலித்து விடும். சுவரில் மோதிய காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும், உங்கள் கூரைமேலேயே விழும். பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள வலைவேலியோ உயிர்வேலியோ போதும்.

கீன்ஸ் தோட்டக்காரன் · அடுத்த மாதம், சனி, இரவு 8:20

எல்லாம் மாட்டி முடித்துவிட்டேன். கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள், கிளிப் இரட்டிப்பு, குறுக்குப் பட்டை, பலகைக்கு ஆறு பொட்டு. இரண்டு முறை நல்ல காற்று அடித்தது. கதவு முனகியதே தவிர நகரவில்லை.

காணாமல் போன அந்த ஒரு பலகையும் வந்துவிட்டது. நாலு வீடு தள்ளி ஒரு பாட்டி, தன் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தாராம். கோழிகளிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தந்தார். இப்போது சிக்கல்: அதில் யூவி பூச்சு (வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பது) உள்ள பக்கம் எது? பக்கத்தைக் காட்டும் மேல்தாளை முன்பே உரித்தாகிவிட்டது. அதோடு, மாட்டியவற்றிலும் சில லேசாக மஞ்சள் தட்டியிருக்கின்றன.

கோத்தகிரிக்காரன் · சனி, இரவு 9:05

கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதாவிளக்கு இருக்கிறதா சார்? இருட்டில் பலகையின் இரண்டு பக்கமும் அடித்துப் பாருங்கள். பல தயாரிப்புகளில் பூச்சுள்ள பக்கம் நீலமாக மினுங்கும், மறுபக்கம் சும்மா இருக்கும். மினுங்கும் பக்கம் வெளியே வரவேண்டும். மாறிப்போனால் சில வருடத்தில் மஞ்சளாகி, பிறகு தொட்டாலே நொறுங்கும்.

கீன்ஸ் தோட்டக்காரன் · சனி, இரவு 10:30

பையனின் விளையாட்டுப் பெட்டியில் ஒரு விளக்கு கிடைத்தது. கோழிப் பலகை ஒரு பக்கம் நன்றாக மினுங்கியது. பிறகு ஆசை விடவில்லை, குளிரில் வெளியே போய் மொத்தக் கூண்டையும் சுற்றி அடித்துப் பார்த்தேன். கூரையில் நாலு, சுவரில் மூன்று, வெளியே மினுங்கவில்லை. உள்ளே போய் அடித்தால் மினுங்குகின்றன. மஞ்சள் தட்டியதெல்லாம் அவைதான்.

ஏழு பலகை, ஆறு ஆறு பொட்டாக நாற்பத்திரண்டு. நாளைக் காலை பிளேடோடு ஆரம்பிக்கிறேன்.